ஏழாவது குணாளன்

இணைப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தண்டனை மையத்தின் நிரலாளர் பெர்னதெத், கைதி குணாளனின் பத்துப் பிரதிகளிடமும் ஒவ்வொருவராகப் பேச உட்கார்ந்தாள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். உடல்நிலை, மனநிலை, தூக்கம் என்று சில கேள்விகள். கடைசியில், மற்ற ஒன்பது பேருடன் ஒன்றாகச் சேரச் சம்மதமா என்று ஒரு கேள்வி. சட்டம் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தது. சம்மதம் இல்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

அந்த மையம் கிருஷ்ணகிரிக்கு வெளியே, மாம்பழக்கூழ் ஆலைகளைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பார்த்தால் சிறை என்று தோன்றாது. வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் உறங்கும் மனிதர்கள், கை கால் மரத்துப்போகாமல் அவர்களை மடக்கி நீட்டும் இயந்திரங்கள். குணாளனின் உடல் பதினொரு மாதங்களுக்கு மேலாகப் பன்னிரண்டாம் எண் கட்டிலில் கிடந்தது. அவருடைய மனம் மட்டும் கணினிக்குள் பத்துப் பேராக நடமாடிக்கொண்டிருந்தது. பத்துப் பேரும் ஒரே நாளில், ஒரே மனத்தை அச்சாக வைத்து வார்க்கப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறை, தனித்தனி அறை, தனித்தனியாக ஒரு வருடம். ஒருவர் சிறையில் நடப்பது இன்னொருவருக்குத் தெரியாது. வருட முடிவில் அந்தப் பத்து வருடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டிலில் இருப்பவருக்குள் இறக்குவார்கள். அவர் பத்து வருடம் உள்ளே இருந்தவராக எழுந்திருப்பார். வெளியே ஒரு வருடம்தான் போயிருக்கும். தண்டனையும் குறையாது, குடும்பமும் குலையாது என்று திறப்பு விழாவில் பேசினார்கள்.

குணாளன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சேர்ந்தால் ஒலிக்கும் மணி, அடிக்கடி காரணமில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு மதியம் அவர் அதை அணைத்தார். தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் மேலே வரவில்லை. நீதிமன்றம் பத்து வருடம் கொடுத்தது. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்ததால், பத்து வருடத்தை ஒரே வருடத்தில் கழிக்கும் புதுத் திட்டத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார். அந்த மையத்தில் இணைப்பு வரை வந்த முதல் கைதி அவர்தான்.

முதல் மூன்று பேரும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காமவர் சிரித்த முகமாக இருந்தார். ஐந்தாமவரும் ஆறாமவரும் ஒற்றைச் சொல்லில் பேசினார்கள். ஏழாமவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, திரைக்கு அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், நெஜத்த சொல்லுங்க. அஞ்சுகம் உயிரோட இருக்குதா?"

பெர்னதெத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "என்ன சார் கேக்கறீங்க? நல்லா இருக்காங்களே."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறீங்களோன்னு நெனச்சேன். ஒரு வருசமா ஒரு தடவகூட வரல. மனு எழுதிப் போட்டா, பெறப்பட்டது, பதில் வந்ததும் தெரிவிக்கப்படும்னு வருது. நாப்பத்தேழு மனு போட்டுட்டேன்." அவர் சற்று நிறுத்தினார். "உயிரோட இருக்குதுன்னா சரி. அப்ப இன்னாத்துக்கு வரல?"

பெர்னதெத் போன ஞாயிற்றுக்கிழமைகூட அஞ்சுகத்தைப் பார்த்திருந்தாள். ஆம்பூரிலிருந்து பேருந்து மாறி வந்து, கேன்டீனில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு அறை திறக்கக் காத்திருக்கும் பெண். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. காவலாளிகள் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் ஏழாமவரிடம் சொன்னாள். மீதி மூன்று பேரையும் அழைத்தாள். அவர்களையும் யாரும் பார்க்க வரவில்லை. திரும்ப ஒன்று முதல் ஆறு வரை அழைத்துக் கேட்டாள். அஞ்சுகம் வரவே இல்லை என்று ஐந்து பேர் சொன்னார்கள். நான்காமவர் மட்டும், "வாராவாரம் வருதே மேடம்" என்றார்.

*

ஒரு கைதிக்குச் சந்திப்பு அறை ஒன்றுதான். வெளியிலிருந்து வருபவர் சுதந்திரமான மனிதர். அவரைப் பிரதி எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. அதனால் அஞ்சுகத்தின் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் பத்துப் பேரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பத்து வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு. எழுதி வைத்த திட்டம் அதுதான்.

அந்தப் பகுதியின் நிரலை எழுதியவள் பெர்னதெத். மூன்று வருடத்துக்கு முன்னால் தான் எழுதியதை இப்போது திறந்து பார்த்தாள். பிரதி ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இருக்க வேண்டியவற்றை அந்தந்தப் பிரதிக்குள்ளே வைத்திருந்தாள். அறைக்குள் யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாவியை மட்டும் பத்துப் பேருக்கும் பொதுவாக, அச்சிலேயே வைத்திருந்தாள். அதுவும் சரிதான். முதல் வாரம் குலுக்கலில் ஒருவர் சாவியை எடுப்பார் என்று ஒரு வரி இருந்தது. எடுத்தவர் அந்த வாரம் முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அவள் எழுதிய பக்கங்களில் அது இல்லை.

குலுக்கலில் நான்காமவர் எடுத்திருந்தார். ஐம்பத்தொரு வாரமாகச் சாவி அவரிடமே இருந்தது.

மனுக்கள் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதும் தெரிந்தது. ஒவ்வொரு மனு வரும்போதும் கணினி, குணாளன் என்ற பெயரைத் தேடி, இந்த வாரம் சந்திப்பு நடந்ததா என்று பார்த்தது. நடந்தது என்று இருந்ததால் மனுவை மூடி வைத்தது. எந்தக் குணாளன் என்று அது கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் சொல்லித் தரவில்லை.

பெர்னதெத் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து தண்ணீர் குடித்தாள். வரவில்லையே என்று ஒரு வருடம் ஏங்குவது வேறு. புதன்கிழமை அந்த ஒன்பது வருடங்களும் ஒரே மனிதனுக்குள் இறங்கும். ஒன்பது வருடம் மனைவி எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் எழுந்திருப்பார். அந்த ஒன்பது வருடம் இதுவரை யாருக்கும் நடக்கவில்லை. அவள் கையால் புதன்கிழமைதான் நடக்கப்போகிறது.

*

மையத்தின் இயக்குநர் சோமாஸ்கந்தன் சிறைத்துறையில் முப்பது வருடம் இருந்து, ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது இங்கே அனுப்பப்பட்டவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இணைப்பைத் தள்ளிப்போட முடியுமா?"

"முடியாது சார். ஒரு வருஷத்துக்கு மேல உடம்பு தாங்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"நினைவுல அந்தப் பகுதியை மட்டும் எடுத்துடலாமா?"

"தண்டனைக் காலத்துல ஒரு நாளைக்கூட அழிக்கவோ மாத்தவோ கூடாதுன்னு சட்டத்துல இருக்கு சார். அழிச்சா அது தண்டனையே இல்ல."

"வரிசை? அதை நாமதானே முடிவு பண்றோம்?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து வருடங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு அடிக்குறிப்பு மட்டும் இருந்தது.

"நாலாவதை முதல்ல வெச்சா, ஒரு வருஷம் வந்துட்டு அப்புறம் ஒன்பது வருஷம் கைவிட்டுட்டாங்கன்னு இருக்கும். கடைசியில வெச்சா, ஒன்பது வருஷம் வராம இருந்துட்டு கடைசி வருஷம் மனசு மாறி வந்தாங்கன்னு இருக்கும்" என்றாள். "கடைசியா வெக்கற வருஷம் ரொம்ப முக்கியம் சார். முழிச்சு எழுந்திருக்கற ஆளோட பேச்சு, நடத்தை எல்லாம் பெரும்பாலும் அந்த வருஷத்து ஆளுதான். மத்த ஒன்பதும் பழைய ஞாபகமாப் பின்னாடி இருக்கும்."

"அப்ப நாலாவதைக் கடைசியில வைங்க. முடிஞ்சது." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்த அம்மாகிட்ட இதைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம். இது முதல் இணைப்பு. டில்லியிலேருந்து ஆள் வர்றாங்க."

"அவர் முழிச்சதும் ஏன் வரலைன்னு கேப்பாரு சார். அந்தம்மா வாராவாரம் வந்தேன்னு சொல்லுவாங்க. யார் சொல்றது நிஜம்னு ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் தெரியாது."

சோமாஸ்கந்தன் எதிரில் இருந்த கோப்பு ஒன்றை இழுத்துத் திறந்தார். பெர்னதெத் வெளியே வந்தாள். அவர் வேண்டாம் என்று இரண்டாவது முறை சொல்லவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதேகாலுக்குக் கேன்டீனில் அஞ்சுகத்தின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அஞ்சுகம் ஷூ கம்பெனியில் வேலை செய்பவள். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்திருந்தது. கடைசி வாரம் என்பதால் நல்ல புடவை கட்டியிருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெர்னதெத் நேராகவே சொன்னாள். பத்துப் பேரில் ஒருவரைத்தான் இந்த ஐம்பத்தொரு வாரமும் அவள் பார்த்திருக்கிறாள்; மற்ற ஒன்பது பேருக்கு அவள் வந்ததே தெரியாது; அவர்களில் ஏழாமவர், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார்.

அஞ்சுகம் டீயைக் கீழே வைத்தாள். "பத்து பேரும் அவுருதானே மேடம்?"

"அவர்தான். ஆனா நீங்க கம்பெனியில டைன்னு அந்த இரும்பு அச்ச வெச்சுத் தோல் வெட்டுவீங்க இல்ல? ஒரே டையில பத்துத் துண்டு வெட்டினாலும், வெட்டின பிறகு ஒவ்வொண்ணும் வேற வேற ஷூவுக்குப் போகுது. ஒண்ணுல கீறல் விழுந்தா மத்ததுல விழாது. அது மாதிரி."

"போன வாரம் பேசினத அவுரு இந்த வாரம் சரியாப் புடிச்சுப் பேசுவாரு. பாப்பாவுக்கு ஜுரம்னு சொன்னா, அடுத்த வாரம் மொத கேள்வியே ஜுரம் வுட்டுச்சான்னு. அதனால எல்லாருக்கும் எல்லாம் தெரியும்போலன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "ஒரே ஆளுகிட்டயே பேசிகினு இருந்திருக்கேன்."

"தப்பு என்னோடது. சாவியைத் திருப்பி வைக்கச் சொல்லி நான் எழுதல."

அஞ்சுகம் அவளைத் திட்டுவாள் என்று பெர்னதெத் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அஞ்சுகம் கேட்டது வேறு.

"இன்னிக்கு ஒரு மணி நேரம் இருக்குது இல்ல? அந்த ஒம்போது பேர்ல யாரையாவது உள்ள வுடுங்க. நான் செத்துட்டேனான்னு கேட்டாரே, அவர வுடுங்க."

*

பெர்னதெத் நிரலுக்குள் புகுந்து சாவியைத் தானே பிடுங்கி ஏழாமவருக்குக் கொடுத்தாள். சட்டப்படி அப்படிச் செய்யக் கூடாது. நான்காமவருக்கு இன்று சந்திப்பு இல்லை என்று ஒரு வரிச் செய்தி போனது.

அஞ்சுகம் கேட்டுக்கொண்டதால் பெர்னதெத்தும் அறையிலேயே சுவரோரம் நின்றாள். திரை வெளிச்சமானது. ஏழாமவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எளச்சுட்டே" என்றார் கடைசியில்.

"நீங்களுந்தான்."

"பாப்பா?"

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. உங்க பேர கேட்டா முழுசாச் சொல்லுது." அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். "நான் வந்துகினுதான் இருந்தேன். ஒரு வாரம்கூட வுடல. இவங்க மிஷின்ல ஏதோ தப்பாயி, உங்கள்ல ஒருத்தர்கிட்டயே என்னைக் காமிச்சுகினு இருந்திருக்காங்க. நீங்க நம்பணும்."

"நம்பறேன்."

"நெஜமாவா?"

"நீ வந்து உக்காந்திருக்கியே. இதுக்கு மேல இன்னா."

பிறகு அவர்கள் வீட்டுக் கதை பேசினார்கள். கூரை ஓடு மாற்றியது, அவருடைய தங்கையின் நிச்சயதார்த்தம், குழந்தை சிலேட்டில் எழுதப் பழகியது. பெர்னதெத் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஏழாமவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் எதிரில் எதையோ படித்தார்.

"இன்னா பாக்கறீங்க?" என்றாள் அஞ்சுகம்.

"இங்க ஒண்ணு எழுதி வருது. 'உங்களைப் போல ஒன்பது பேர் இந்த அறைக்காகக் காத்திருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கிறீர்களா?' கீழ ஆமாம், இல்லைன்னு ரெண்டு கட்டம்."

அஞ்சுகம் மெல்லத் திரும்பி பெர்னதெத்தைப் பார்த்தாள். "இது இன்னிக்கு மட்டும் வருதா மேடம், எப்பவும் வருமா?"

பெர்னதெத்துக்கே தெரியவில்லை. அவள் எழுதியது சாவியை மட்டும். அறைக்குள் கைதிக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை வேறொரு குழு எழுதியது. கையிலிருந்த கைக்கணினியில் அந்தக் குழுவின் பக்கங்களைத் தேடித் திறந்தாள். சாவியைத் திருப்பி வைக்கும் வரி அங்கே இருந்தது. நடக்கும் சந்திப்பைக் கைதியிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று சட்டம் சொல்வதால், அவர்கள் அதை ஒரு கேள்வியாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருமுறை கேட்கும். ஆமாம் என்றால் சாவி உடனே காத்திருப்பவர்களில் ஒருவருக்குப் போகும். இல்லை என்றால் அவரிடமே இருக்கும்.

நான்காமவரிடம் ஐம்பத்தொரு முறை கேட்கப்பட்டிருந்தது. ஐம்பத்தொரு முறையும் இல்லை.

முதலில் பெர்னதெத்தின் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. தப்பு தன்னுடையது இல்லை. அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எப்பவும் வரும்" என்றாள்.

அஞ்சுகம் மடியில் இருந்த இரண்டு கைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டாள். திரையில் ஏழாமவர் இன்னும் அந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசம் கழிச்சு இப்பதான் பாக்கறேன்" என்றார், யாரிடமோ கெஞ்சுவதுபோல.

"நீங்க இன்னா பண்ணணும்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள் அஞ்சுகம்.

அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தில் அது இரண்டு நிமிடம்தான். பிறகு, "பாப்பாகிட்ட சொல்லு" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கையை நீட்டி அழுத்தினார். திரை அணைந்தது.

மீண்டும் வெளிச்சம் வந்தபோது முதலாமவர் இருந்தார். "அஞ்சுகம்?" என்றார், நம்ப முடியாமல். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வந்துகினுதான் இருந்தேன். நீங்க நம்பணும்.

முதலாமவர் நம்பினார். ஆனால் கேள்வி வந்தபோது இல்லை என்று அழுத்தினார். தான் அழுத்தியதை அவளிடம் சொல்லவில்லை. அவர் பார்வை ஒரு கணம் கீழே போய்த் திரும்பியதை வைத்து அவளே கண்டுகொண்டாள். மீதி நேரம் முழுவதும் அவரோடுதான் பேசினாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. மற்ற ஏழு பேரும் அவளைப் பார்க்கவில்லை.

*

அறையை விட்டு வெளியே வந்ததும் பெர்னதெத் வரிசையைப் பற்றிச் சொன்னாள். கடைசி வருடத்து ஆள்தான் எழுந்து நடப்பவர் என்பதையும், நான்காமவரைக் கடைசியில் வைப்பதாக இயக்குநர் முடிவு செய்திருப்பதையும் சொன்னாள். குடும்பத்தார் விருப்பம் என்று ஒரு படிவம் இருந்தது.

அஞ்சுகம் படிவத்தைக் கையில் வாங்காமலே சொன்னாள். "அந்த நாலாவது ஆளு என்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு மேடம். அம்பத்தோரு வாரம். பேசிகினே இருக்கறப்போ இல்ல, இல்லன்னு அழுத்திகினு இருந்திருக்காரு. எனக்கு ஒரு வார்த்த தெரியாது."

"உங்க மேல இருந்த ஆசையிலதான்..."

"மணியை நிறுத்துனதும் எதுக்குன்னு நெனைக்கிறீங்க? கோர்ட்டுல சொன்னாரு. அந்த ஒரு ஷிப்டு மட்டும் நிம்மதியா வேல பாக்கலாம்னு நிறுத்துனேன்னு." படிவத்தை வாங்கினாள். "ஏழாவது ஆள கடைசில வைங்க. நாலாவது எங்க வேணா இருக்கட்டும்."

கையெழுத்துப் போடும்போது பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டாள்.

*

திங்கட்கிழமை பெர்னதெத் நான்காமவரை அழைத்தாள். ஞாயிறு சந்திப்பு இல்லாமல் போனதில் அவர் கலங்கிப்போயிருந்தார். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

"மொத வாரம் வுட்டுடலாம்னுதான் நெனச்சேன் மேடம். அடுத்த வாரம் குடுத்துக்கலாம்னு தள்ளினேன். ரெண்டாவது வாரம் பாப்பாவுக்கு ஜுரம்னு சொல்லிட்டுப் போச்சு. என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படி வுடறது? அப்புறம் பழகிடுச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "அவங்களும் நான்தானே. எப்படியும் ஒண்ணாச் சேரப்போறோம். நான் பாத்தா அவங்க பாத்த மாதிரிதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

"அவங்க இடத்துல நீங்க இருந்து, அவங்க உங்களை விட்டிருந்தா?"

"அவங்களும் வுட்டிருக்கமாட்டாங்க. எனக்குத் தெரியாதா என்னை?"

ஒருத்தர் விட்டார் என்று பெர்னதெத் அவரிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அவருக்கே தெரியும்.

அன்று மதியம் மற்ற கைதிகளின் பதிவுகளையும் பார்த்தாள். குடும்பம் வந்து பார்க்கும் கைதிகள் முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் இரண்டு பேருடைய அறைச் சாவி மட்டுமே கை மாறியிருந்தது. மீதி முப்பத்தாறு பேருடைய சாவியை முதல் குலுக்கலில் எடுத்த பிரதியே இன்னும் வைத்திருந்தது. அச்சடித்து இயக்குநரிடம் கொண்டுபோனாள்.

சோமாஸ்கந்தன் முழுவதும் படித்தார். "அப்ப நிரல்ல தப்பில்ல" என்றார்.

"கேள்வியை எடுத்துடுவோம் சார். முறைப்படி நாமளே மாத்தி விடுவோம்."

"நடக்கற சந்திப்பைப் பிடுங்கக் கூடாதுன்னு வழக்குப் போட்டு வாங்கின உரிமை அது. கைதிகள் உரிமை. நானும் நீங்களும் எடுத்துட முடியாது." காகிதங்களைக் கோப்புக்குள் வைத்தார். "மேல எழுதறேன். பதில் வந்ததும் சொல்றேன்."

பெர்னதெத் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாமவரின் நாற்பத்தேழு மனுக்களுக்கும் போன பதிலையேதான் தானும் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தன் இடத்துக்குத் திரும்பி, முப்பத்தாறு கைதிகளின் குடும்பங்களுக்கும் தன் பெயரில் கடிதம் எழுத ஆரம்பித்தாள். வரும் ஞாயிறு உள்ளே இருப்பவரிடம் அந்தக் கேள்வியைப் பற்றிக் கேளுங்கள் என்று. மூன்றாவது கடிதத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்த வீடுகள் என்ன ஆகும் என்று யோசித்தாள். பிறகு எழுதினாள்.

*

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, படிவத்தில் இருந்தபடி ஏழாமவரைக் கடைசியில் வைத்து, இணைப்பு முடிந்தது. டில்லியிலிருந்து வந்தவர்கள் கண்ணாடிக்கு அப்பால் நின்று குறித்துக்கொண்டார்கள். இதயத் துடிப்பு சீராக இருந்தது என்பதில் அவர்களுக்குத் திருப்தி. சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

குணாளன் கண் விழித்தபோது அஞ்சுகம் கட்டில் அருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெர்னதெத் கருவியைப் படித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றாள். அவர் கூரையைப் பார்த்தார். தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எதெதுவோ வந்து போனது. ஒரு கட்டத்தில் உடம்பு முழுவதும் நடுங்கிப் பல்லைக் கடித்தார். பெர்னதெத் மருத்துவரைக் கூப்பிடக் கையை உயர்த்தியபோது நடுக்கம் நின்றுவிட்டது.

"ஏழு பேருக்கு நீ வரவே இல்ல" என்றார். குரல் கரகரத்தது. "அவங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. இப்பதான், இங்கதான் தெரியுது."

"ம்."

"நான்தான் வுடல. நீ வந்தே. ரெண்டு பக்கமும் எனக்கு ஞாபகம் இருக்குது. கதவுக்கு உள்ளயும் நானு, வெளியவும் நானு." மூச்சு வாங்கினார். "அம்பத்தோரு தடவ. அப்புறம் கடைசி வாரம் இன்னொரு தடவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூட்டிகினு போக வந்தே?"

அஞ்சுகம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். எதையோ தேடுகிறவள்போல. "நான் கூட்டிகினு போக வந்தது அந்த ஆள இல்ல" என்றாள். "ஞாயித்துக்கிழம கையை நீட்டி விட்டுக்குடுத்தாரே, அவர."

குணாளன் எழுந்து உட்கார முயன்றார். ஒரு வருடம் படுத்திருந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை. பெர்னதெத் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்தாள். அவர் மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவனும் கூடத்தான் வருவான், அஞ்சுகம். அவன இங்க வுட்டுட்டு வர எனக்கு வழி தெரியல."

வெளியே வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அஞ்சுகம் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கொண்டுவந்திருந்த பையிலிருந்து அவருடைய சட்டையை எடுத்து உதறினாள். உடனே கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"வரட்டும்" என்றாள். "ஆனா வீட்டுல அவன்கிட்ட நான் பேசமாட்டேன். எது அவன், எது நீங்கன்னு கண்டுபுடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆவும்."

சட்டையை அவர் மடியில் வைத்தாள்.